முகம் நரைத்த பிறகு

2019 அக்டோபர் 31. திருமலையிலிருந்து 13 ஐயப்ப பக்தர்கள் சபரிமலைக்கு நடைப்பயணம் புறப்பட்டார்கள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் பின்னால் ஒரு நாய் வருவதைக் கவனித்தார்கள். யாரும் அதைக் கூப்பிடவில்லை. போகப் போகவும் அது பின்தங்கவில்லை. தாங்கள் சமைத்ததில் அதற்கும் ஒரு பங்கு வைத்தார்கள். நவம்பர் 17 அன்று கர்நாடகத்தின் சிக்கமகளூர் மாவட்டத்தில் இருக்கும் கொட்டிகேஹாராவை அந்தக் குழு எட்டியபோது, நாயும் 480 கிலோமீட்டர் நடந்து முடித்திருந்தது. பக்தர்களோடு சாலையில் நடந்துபோகும் அதன் படம் நாடு முழுக்கச் சுற்றியது.

நடக்க முடிந்ததால் அந்த நாய் செய்தியானது. நடக்க முடியாதவை அதே மலையின் அடிவாரத்தில் அலிபிரியிலும், திருப்பதி பேருந்து நிலையத்துத் தூண் நிழலிலும், சித்தூர் கிரீம்ஸ்பேட்டைச் சந்துகளிலும் சுருண்டு கிடக்கின்றன. மோவாய் வெளுத்திருக்கும். கண்மணிக்குள் நீலப் பனி படர்ந்திருக்கும். ஆட்டோ ஹார்ன் அடித்தால் தலை மட்டும் நிமிரும். உடம்பு நகர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். தத்தெடுப்பு முகாம் நடக்கிற ஊர்களில் கூடையில் வைப்பதெல்லாம் குட்டிகளைத்தான். குழந்தைகள் ஓடிவந்து தூக்குவார்கள், மாலைக்குள் கூடை காலியாகிவிடும். பத்து வயது நாயை அந்தக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை.

தெருவில் ஒரு நாய் கிழடாவது லேசான காரியம் இல்லை. கொல்கத்தாவில் உள்ள ஐசர் நிறுவனத்தில் தெருநாய்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து ஆராய்பவர் அனிந்திதா பத்ரா. அவருடைய குழு 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளை ஐந்து ஆண்டுகள் கணக்கெடுத்து, 2016-ல் முடிவை வெளியிட்டது. ஏழு மாத வயதை எட்டிய குட்டிகள் 19 சதவீதம் மட்டும். செத்தவற்றில் 63 சதவீதம் ஏதோ ஒரு வகையில் மனிதர்களால் செத்தவை. ஐந்தில் நான்கு குட்டிகள் முதல் ஆண்டைக்கூடத் தாண்டாத இடத்தில், ஒரு நாய் பத்து வயதைத் தொட்டிருக்கிறது என்றால் அதன் பின்னால் ஒரு தெருவே இருக்கிறது. டீக்கடையில் பொறை வாங்கிப் போட்டவர், மழைக்குப் படிக்கட்டின் கீழ் இடம் விட்டவர், வண்டியை ஒடித்துத் திருப்பிய ஆட்டோக்காரர் என்று பெயர் தெரியாத பலர் சேர்ந்து வளர்த்த நாய் அது. சித்தூரில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் தெருக்களில் ஒரே நாய் இந்தப் பக்கத்து வீட்டுக்கு மணி, எதிர்வீட்டுக்கு ராஜு. இரண்டு பெயருக்கும் அது வாலாட்டும். தெலுங்கில் நாய்க்கு 'கிராம சிம்ஹம்' என்று ஒரு பெயர் உண்டு, ஊரின் சிங்கம். சிங்கத்துக்குப் பல் விழுந்த பிறகு ஊர் அதை என்ன செய்கிறது என்பதைத்தான் இப்போது பார்க்க வேண்டியிருக்கிறது.

மனித வயதுக்குக் கொண்டுவர நாயின் வயதை ஏழால் பெருக்கும் பழைய கணக்கு தப்பு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ட்ரே ஐடெக்கரின் குழு 104 லேப்ரடார் நாய்களின் மரபணுவில் காலம் விட்டுச்செல்லும் ரசாயன அடையாளங்களை ஆராய்ந்து, 2020-ல் வேறொரு சூத்திரத்தைக் கொடுத்தது. அதன்படி ஒரு வயது நாய்க்கு மனிதக் கணக்கில் சுமார் 31 வயது. பத்து வயது நாய்க்கு சுமார் 68. இளமை வெகு வேகமாக ஓடிவிடுகிறது, பிறகு முதுமை மெதுவாக நீள்கிறது. பெரிய உடம்புக்காரர்களான லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் ஆறு, ஏழு வயதிலேயே முதியவர் வரிசைக்கு வந்துவிடுகின்றன. சின்ன நாய்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் கழித்து.

கைவிடப்பட்ட முதிய நாய் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. தெருவிலேயே பிறந்து தெருவிலேயே முதிர்ந்தது ஒன்று. வீட்டில் வளர்ந்து, முதுமையில் தெருவுக்கு வந்தது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே உதவியைச் செய்யப் போனால் ஒன்று கெடும்.

தெருவில் முதிர்ந்த நாய்க்கு அந்தத் தெருதான் வீடு. கண் மங்கிய பிறகும் அது நடமாடுவது மூக்கின் நினைவில். எந்த வாசலில் தண்ணீர்த் தொட்டி, எந்தத் திருப்பத்தில் வேறு கூட்டத்தின் எல்லை, காலை வெயில் முதலில் விழும் திண்ணை எது என்றெல்லாம் பத்து வருடமாக எழுதி வைத்த வரைபடம் அது. இரக்கப்பட்டு அதைப் பிடித்துக்கொண்டுபோய் இருநூறு நாய்கள் குரைக்கும் புகலிடத்தில் விட்டால் அந்த வரைபடம் அழிந்துபோகும். கிழட்டு நாய்கள் புதிய கூட்டத்தில் சோற்றுக்குப் போட்டியிட மாட்டா. மூலையில் ஒதுங்கி உண்ணாமல் கிடக்கும். இந்த வகை நாயை அது இருக்கும் இடத்திலேயே தத்தெடுப்பதுதான் நல்லது. தத்து என்றால் வீட்டுக்குள் கொண்டுவருவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டியதில்லை.

இருக்கும் இடத்திலேயே என்றால் என்ன செய்வது? நான்கு வீடுகள் சேர்ந்து முறை வைத்துச் சோறு போடலாம். ஒருவர் கால்நடை மருத்துவரிடம் பேசும் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதியை யாராவது ஒருவர் வீட்டு நாட்காட்டியில் குறித்து வைக்கலாம். கருத்தடை செய்த நாய்க்குக் காது நுனியில் வெட்டு இருக்கும். இல்லாவிட்டால் மாநகராட்சிக்குச் சொல்லலாம். கழுத்தில் இரவில் மின்னும் பட்டை ஒன்றைக் கட்டினால், சித்தூர் வழியாகப் பாயும் சென்னை–பெங்களூரு சாலையின் ஓரத்தில் கிடக்கும் காது கேட்காத நாய்க்கு அதுவே உயிர்க்காப்பு. 2023-ல் திருத்தி வெளியிட்ட விலங்குக் கருத்தடை விதிகள் இப்படி ஊரோடு வாழும் நாய்களைச் 'சமூக விலங்குகள்' என்று குறிப்பிட்டு, அவற்றுக்கு உணவிட இடம் ஒதுக்கும் வேலையைக் குடியிருப்போர் சங்கங்களுக்கும் கொடுத்திருக்கின்றன.

2025-ல் இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்துச் சில உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஆகஸ்ட் 11 அன்று டெல்லிப் பகுதியின் தெருநாய்களை எல்லாம் புகலிடங்களுக்குக் கொண்டுபோகச் சொன்ன உத்தரவு, ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வால் மாற்றப்பட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும்; வெறிநோய் பிடித்தவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், எடுத்த பிறகு அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு என்றும் அதே உத்தரவு சொன்னது. நவம்பர் 7-ல் இன்னொன்று வந்தது: பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றி, திரும்பவும் அங்கே விடாமல் புகலிடத்தில் வைக்க வேண்டும்.

திருப்பதியைத் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். ரூயா, ஸ்விம்ஸ் என்று மருத்துவமனைகள் நிறைந்த ஊர் இது. இரவும் பகலும் ஓயாத பேருந்து நிலையமும், யாத்திரிகர்கள் தரையில் துண்டு விரித்துத் தூங்கும் ரயில் நிலையமும் இங்கே உண்டு. ஓட முடியாத நாய் ஒதுங்கும் இடங்களும் இவைதாம். நிழல், தண்ணீர், மிச்சச் சோறு மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். நோயாளியும் கைக்குழந்தையும் வந்துபோகும் இடத்தில் பாதுகாப்பு வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அங்கிருந்து அகற்றப்படும் நாய்களில் இளையவை எப்படியும் சமாளித்துக்கொள்ளும். பன்னிரண்டு வயது நாயை இரும்புக் கூண்டுக்குள் தள்ளினால் அது எத்தனை நாள் தாங்கும்? அகற்றும் வண்டி வருவதற்கு முன்னால் ஒரு வீட்டு வாசல் அதற்குக் கிடைக்க வேண்டும். முதிய நாயைத் தத்தெடுப்பது இந்த ஊரில் இன்று அவசர வேலையாக ஆகியிருப்பது இதனால்தான்.

இரண்டாவது வகைக்கு வருவோம். வீட்டுக்குள் மெத்தையில் கிடந்து, ஒருநாள் காரில் ஏற்றப்பட்டு, தெரியாத சாலையில் இறக்கப்பட்ட நாய். பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு கார்க் கதவு திறக்கும்போதும் எழுந்து நிற்கும். தெருநாய்களின் பேச்சு அதற்குப் புரியாது; வாலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் விளையாட வரும், கடி வாங்கும். குப்பையில் சோறு தேடத் தெரியாது. இதற்குத் தெரு வீடாகாது. வாரங்களில் அல்ல, நாள்களில் இதைக் காப்பாற்றியாக வேண்டும்.

விடுவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. வீடு மாறுகிறோம், குழந்தை பிறந்திருக்கிறது, பையன் வெளிநாடு போய்விட்டான், பெரியவர் காலமாகிவிட்டார். நாய் முதிர்ந்திருந்தால் கூடவே இன்னொன்று: வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது. இந்தக் கடைசிக் காரணத்தில் பாதி, மருத்துவரிடம் காட்டினால் தீரக்கூடியது. சிறுநீர்ப் பாதைத் தொற்றாக இருக்கலாம், சர்க்கரை நோயாக இருக்கலாம், மூட்டு வலியால் வாசல்வரை போக முடியாமல் இருக்கலாம். மூளை தளர்வதும் உண்டு. மனிதர்களுக்கு வரும் மறதி நோயைப் போன்ற ஒன்று நாய்களுக்கும் வரும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செய்த ஆய்வில் 11–12 வயது நாய்களில் 28 சதவீதமும், 15–16 வயதில் 68 சதவீதமும் அதன் அறிகுறி ஏதாவது ஒன்றைக் காட்டின. இரவில் காரணமின்றி ஊளையிடுவது, சுவரைப் பார்த்து நிற்பது, தெரிந்தவரையே தெரியாமல் போவது. நாய்க்குத் திமிர் என்று வீட்டார் நினைப்பது பல நேரம் இதுதான்.

விட்டுவிட்டுப் போவது சட்டப்படி குற்றம். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவதைக் கொடுமை என்கிறது. முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. ஆம், ஐம்பது. அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய தொகை இன்னும் அப்படியே நிற்கிறது. பத்து வருடம் வாசலைக் காத்த உயிரை நடுரோட்டில் இறக்கிவிட்டதற்கான தண்டனையைச் சட்டைப் பையிலிருந்து சில்லறையாகவே எடுத்துக் கொடுத்துவிடலாம்.

கோயில் ஊரில் எந்த வாயும் பட்டினி கிடக்காது என்ற நம்பிக்கையும் நமக்கு உண்டு. அந்த நம்பிக்கைக்கு வேரும் உண்டு. திருப்பதி ஏழுமலையானைப் பாடிப் பாடியே வாழ்ந்த அன்னமாச்சாரியாரின் 'பிரம்மம் ஒக்கடே' என்ற புகழ்பெற்ற கீர்த்தனையில் யானையும் நாயும் ஒரே வெயிலில்தான் நிற்கின்றன. ஆனால் யாத்திரிகர் கையை மட்டும் நம்பிய வயிறு எவ்வளவு பலவீனமானது என்பதை 2020 காட்டிக்கொடுத்தது. மார்ச் 20 அன்று திருமலையில் தரிசனம் நிறுத்தப்பட்டது. ஜூன் 8 வரை மலைப்பாதையில் பக்தர் கூட்டம் இல்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் பேய்மழை பெய்து திருப்பதியின் தெருக்கள் ஆறாக ஓடின. இளம் நாய் மாடிப்படி ஏறிவிடும். பின்னங்கால் வராத நாய்க்கு மாடிப்படி ஒரு மலை.

திருப்பதிக்கு இந்த விஷயத்தில் பெரிய பலம் ஒன்று இருக்கிறது. 1955-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இங்கேதான். 2005-ல் உருவான ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தலைமையகமும் இங்கேதான். எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சித்தூரில் ஒரு நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டினாலும், மார்பில் கட்டி வந்தாலும் அறுவை சிகிச்சைக்கு எங்கே போவது என்று தவிக்க வேண்டியதில்லை. இந்தியாவின் எத்தனையோ நடுத்தர ஊர்களுக்கு இந்த வசதி கிடையாது.

சுற்றுவட்டாரத்திலும் விலங்கு நல முன்னோடிகளுக்குக் குறைவில்லை. வெள்ள நீரில் தவித்த இரண்டு குட்டிகளை வீட்டுக்குத் தூக்கிவந்த விமானி கேப்டன் சுந்தரம் 1959-ல் சென்னையில் ஆரம்பித்தது புளூ கிராஸ். ராயலசீமைக்குள்ளேயே, புட்டபர்த்தியில் 2000 முதல் கருணா சொசைட்டி இயங்குகிறது. பெங்களூருவின் கியூபா (CUPA) அமைப்பை 1991-ல் தொடங்கிய கிரிஸ்டல் ரோஜர்ஸ் பிறந்தது 1906-ல். கணக்குப் போட்டால் அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்தை ஒட்டி. டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் ஏற்கெனவே விலங்கு மருத்துவமனைகளுக்கு வித்திட்டுவிட்டு, ஓய்ந்து உட்கார வேண்டிய வயதில் மூன்றாவது ஊரில் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்.

அரசுப் பணியில் இருந்த நாய்களின் கதையிலும் ஒரு திருப்பம் வந்திருக்கிறது. வேலைக்கு லாயக்கில்லாத ராணுவ நாய்கள் கருணைக் கொலை செய்யப்படுவது 2015-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழியாக வெளியே தெரிந்து, நாடே கொதித்தது. பிறகு கொள்கை மாறியது. மீரட்டில் முதிய நாய்களுக்கான இல்லம் இருக்கிறது, பொதுமக்களும் ஓய்வுபெற்ற நாய்களைத் தத்தெடுக்க வழி பிறந்தது. 2019 நவம்பரில் டெல்லி மெட்ரோவைக் காத்த மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் ஏழு நாய்களுக்குச் சான்றிதழும் நினைவுப் பரிசும் கொடுத்து, விழா எடுத்து அனுப்பிவைத்தார்கள். தெருவைக் காத்த நாய்க்குச் சான்றிதழ் வேண்டாம். ஓய்வு மட்டும் கிடைத்தால் போதும்.

முதிய நாயை எடுக்கத் தயங்குகிறவர்கள் இரண்டு பயங்களைச் சொல்கிறார்கள்: மருத்துவச் செலவு, சீக்கிரம் செத்துப்போகும் என்ற துக்கம். முதல் பயத்துக்கு அமெரிக்காவின் டென்னசியில் ஒரு நல்ல விடை இருக்கிறது. 2012-ல் தொடங்கிய 'ஓல்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்ற முதிய நாய்கள் சரணாலயம் நாய்களைத் தன் கட்டடத்துக்குள்ளேயே அடைத்து வைப்பதில்லை. பெரும்பாலானவற்றைச் சுற்றுவட்டார வீடுகளுக்கு அனுப்புகிறது. வீட்டுக்காரர் இடமும் அன்பும் கொடுக்கிறார். மருத்துவச் செலவு முழுவதும் சரணாலயத்தின் கணக்கு. நாய் சாகும்வரை இதே ஏற்பாடு. சான் பிரான்சிஸ்கோவில் 2007-ல் ஷெர்ரி ஃப்ராங்க்ளின் ஆரம்பித்த 'மட்வில்' இன்னொரு வழி கண்டது: 62 வயது தாண்டிய மனிதர்களையும் முதிய நாய்களையும் ஜோடி சேர்ப்பது.

இந்த இரண்டும் சித்தூருக்கும் திருப்பதிக்கும் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். பெரிய புகலிடம் கட்ட நிலம் வேண்டாம், காம்பவுண்டுச் சுவர் வேண்டாம். பிள்ளைகள் பெங்களூருவிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெற்றோர் மட்டும் தனியாக வாழும் வீடுகள் இரண்டு ஊரிலும் ஏராளம். அறுபத்தெட்டு வயதுப் பெரியவரிடம் குட்டி நாயைக் கொடுத்தால் அது அவரை இழுத்துக் கீழே தள்ளிவிடும். தனக்குப் பிறகு இதை யார் பார்ப்பார்கள் என்று அவர் கவலைப்படுவதும் நியாயம். பத்து வயது நாய் சங்கிலியை இழுக்காது. காலையில் தெருமுனைவரை ஒரு நடை, பகல் முழுக்க நாற்காலிக்குக் கீழே தூக்கம், சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை. இருவருக்கும் வேகம் ஒன்றாக இருக்கும். செலவை வேறு சிலர் பங்கு போட்டுக்கொள்ளலாம்: வீட்டில் இடமில்லாத அடுக்ககவாசிகள், விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். ஒரு நாய்க்கு ஆறு பேர் என்று வைத்தால் யாருக்கும் பாரம் தெரியாது.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு செய்ய வேண்டியவை எளிமையானவை, ஆனால் தெரிந்து செய்ய வேண்டியவை. முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை. சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்பதோடு, நம் பக்கத்து நாய்களைச் சத்தமில்லாமல் கரைக்கும் உண்ணிக் காய்ச்சல் இருக்கிறதா என்பதும் அதில் தெரியும். கருத்தடை செய்யாத பெண் நாய் பருவம் முடிந்த சில வாரங்களில் நிறையத் தண்ணீர் குடித்துச் சோர்ந்து கிடந்தால் அன்றே ஓட வேண்டும். கர்ப்பப்பைச் சீழ் சில நாள்களிலேயே உயிரை எடுத்துவிடலாம். கண்ணில் தெரியும் நீல மங்கலைப் பார்த்துக் கண்புரை என்று பயப்படத் தேவையில்லை. வயதானால் விழிவில்லை இறுகி அப்படித் தோன்றும், பார்வை பெரும்பாலும் இருக்கும். உண்மையிலேயே பார்வை போயிருந்தாலும் நாய் ஒரு வாரத்தில் வீட்டைக் கற்றுக்கொள்ளும். நாற்காலிகளை இடம் மாற்றாமல் இருந்தால் போதும்.

தரைதான் பெரிய பிரச்சினை. குப்பம் கிரானைட் புகழ்பெற்ற வட்டாரம் இது. பளபளவென்று இழைத்த கல் பாவிய வீடுகள் நிறைய. மூட்டுத் தேய்ந்த நாய்க்கு அந்தத் தரை பனிக்கட்டி. பின்னங்கால் இரண்டும் விலகிச் சறுக்கும், பயந்துபோய் எழுந்திருப்பதையே நிறுத்திவிடும். கால் போய்விட்டது என்று கைவிடப்பட்ட சில நாய்கள், படுக்கையிலிருந்து சோற்றுத் தட்டுவரை வரிசையாகச் சாக்கு விரித்ததும் நடக்க ஆரம்பித்துவிடும். வலிக்கு மனிதர் மாத்திரை கூடவே கூடாது. ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் இரண்டும் நாயைக் கொல்லும் அளவுக்குப் போகும். அடிபட்ட காலுக்கு வீட்டிலேயே இறுக்கிக் கட்டுப் போடுவதும் வேண்டாம். மனிதர்களின் எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டு பேர்பெற்ற பூமி என்பதால் இங்கே இந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் மூங்கில் பத்தை வைத்து நாயின் காலை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று பாதமே அழுகும்.

சாப்பாட்டுக்கு ராயலசீமைச் சமையலின் காரத்தைத் தள்ளி வைத்தால் போதும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம், திராட்சையும் அப்படித்தான். ராகி சங்கட்டி தின்று வளர்ந்த ஊர்நாய்க்குப் பல் போன பிறகு அதையே கரைத்து, வேகவைத்த முட்டையோ கோழியோ பிசைந்து கொடுத்தால் ஆவலாகத் தின்னும். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் மட்டும் மருத்துவர் சொன்ன உணவு. சித்திரை வெயிலில் மதிய வேளையில் வெளியே கூட்டிப்போகக் கூடாது. வயதான நாய்க்கு உடம்புச் சூட்டைத் தணிக்கும் சக்தி குறைவு.

கடி பற்றியும் சொல்லியாக வேண்டும். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய்கள் வழியாக வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாயிடம் பயப்படுகிறவர்களை இதயமில்லாதவர்கள் என்று திட்டுவதில் பயனில்லை, நியாயமும் இல்லை. முதிய நாய் கடித்தால் பெரும்பாலும் வலியில் கடிக்கும், அல்லது காது கேட்காமல் திடுக்கிட்டுக் கடிக்கும். அதனால் தூங்கும் நாயைத் தொடாமல், முன்னால் போய் நின்று மோப்பம் பிடிக்கவிட்டுப் பிறகு தொட வேண்டும். குழந்தைகளுக்கு இதை முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும். பல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும். தடுப்பூசி போட்ட, தெருவே அறிந்த கிழட்டு நாய் ஒன்று வாசலில் இருப்பது புதிய நாய்க்கூட்டம் அந்த இடத்தைப் பிடிக்காமல் தடுக்கவும் செய்யும்.

இரண்டாவது பயம் துக்கம். அதற்குச் சமாதானம் எதுவும் இல்லை. முதிய நாயை எடுத்தால் ஓராண்டிலோ மூன்றாண்டிலோ அதைப் புதைக்க வேண்டியிருக்கும். தீராத வலியில் கிடந்தால், பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் கையால் ஊசிபோட்டு உறங்க வைப்பதா என்ற முடிவையும் எடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி வைத்திருப்பவர்கள் கடைசி நாளில் குறைவாகத் தடுமாறுகிறார்கள். அன்று நாய் பழகிய சாக்கில் படுத்திருப்பதும், தெரிந்த கை ஒன்று தலைமேல் இருப்பதும் பெரிய விஷயம். தெருவில் சாகும் நாய்க்கு இரண்டும் கிடைப்பதில்லை.

இறந்த நாயைப் பெயர் சொல்லி நினைவில் வைக்கும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சித்தூர் மாவட்டம் நடுகற்கள் நிறைந்த பூமி. அதற்குத் தெற்கே, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்தது என்று எழுத்து சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்தப் பெயர் அழியவில்லை.

சித்தூரிலிருந்து வேலூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் ரமணாசிரமத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம். பசு லட்சுமியின் சமாதிக்கு அருகே ஒரு மானுக்கும் ஒரு காகத்துக்கும் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதிகள் இருக்கின்றன. ஜாக்கி நோயில் விழுந்தபோது ரமணர் அதற்கு மெத்தென்று படுக்கை போட்டுக் கொடுத்து, நாற்றம் வீசத் தொடங்கிய பிறகும் விலகாமல் தாமே பார்த்துக்கொண்டார் என்று உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.